வாடகை வீட்டுக் கடன்: சுருங்கிய வரிச் சலுகை

புதுதில்லி: கடன் பெற்று இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடும் நடுத்தர வர்க்கத்தினருக்கு வருமான வரிச் சட்டம் அளித்துவந்த ஆதரவு படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டுள்ளது.

மாத வாடகை ரூ.20,000, ஆண்டு வட்டி ரூ.4.5 லட்சம் எனக் கொள்வோம். வாடகையில் 30 சதவீத நிலையான கழிவு போக எஞ்சுவது ரூ.1.68 லட்சம். வட்டியைக் கழித்தால் இழப்பு ரூ.2.82 லட்சம்.

முன்பு இந்த இழப்பு முழுவதையும் சம்பள வருமானத்தில் ஈடுகட்ட முடிந்தது. 2017 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி இதற்கு ரூ.2 லட்சம் உச்சவரம்பு விதித்தார். எஞ்சிய தொகையை அடுத்த 8 ஆண்டுகளுக்குள் வீட்டு வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். 2023 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் முதன்மைப்படுத்திய புதிய வரி முறையிலோ, சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூட ஈடுகட்ட இயலாது.

வசதி படைத்தோரின் இரண்டாவது வீட்டுக்குக் கருவூலம் ஏன் துணை நிற்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், வாடகை வீடுகளைப் பெருக்குவதற்காக 2021-இல் மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததும் இதே அரசுதான். வீட்டுவசதிக் கொள்கை ஒரு திசையிலும் வரிக் கொள்கை மறு திசையிலும் செல்கின்றன.

ரெப்போ விகிதம் உயர்ந்தால் மாறும் வட்டிக் கடனின் சுமையும் உயரும். வாடகை அவ்வாறு உயராது. வரிச் சேமிப்பை நம்பிக் கடன் வாங்கும் காலம் முடிந்துவிட்டது.