பிறர் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் நமக்கு எதற்கு?



சென்ற வாரம் எங்கள் பள்ளிப் பெற்றோரின் புலனக் குழுவில் தந்தை ஒருவர் ஒரு படத்தைப் பகிர்ந்திருந்தார். சாலைத் தடுப்பில் ஜேபிஜே அதிகாரி ஒருவர் அவருடைய மகனின் மோட்டார் சைக்கிளை நிறுத்தி முகப்பு விளக்கைச் சுட்டிக் காட்டுகிறார். 'வெளிச்சம் கூடினாலும் குற்றமாம்! ஏழை ஏறும் வண்டியைத்தான் இவர்கள் பிடிப்பார்கள்' என்று படத்தின் கீழே எழுதியிருந்தார். அதற்குக் கைதட்டும் சின்னங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றுள் மூன்று, என்னோடு ஆசிரியர் அறையில் தேநீர் அருந்துபவர்கள் இட்டவை. குழுவில் நான் எதுவும் எழுதவில்லை. அங்கே எழுதினால் சண்டையாகிவிடும். ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தந்தையின் சினம் முழுவதும் தவறன்று. நம் பிள்ளைகள் இருட்டில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அன்று முதல், மேற்குக் கரையோரம் இருக்கும் பினாங்கில் சனவரி, பிப்ரவரி மாதங்களில் கதிரவன் எழ ஏறத்தாழ ஏழரை மணி ஆகிவிடுகிறது. ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் தந்தையின் கப்சாயில் முன்னே ஒரு பிள்ளை, பின்னே ஒரு பிள்ளை, கைப்பிடியில் இரண்டு புத்தகப்பை. அந்தப் பழைய வண்டியின் விளக்கோ அகல் விளக்குப் போல மினுங்குகிறது. வெளிச்சம் வேண்டும் என்று அவர் நினைப்பதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. எந்த வெளிச்சம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

வழக்கைத் தொடங்குமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒரு மோட்டார் சைக்கிள்காரன்தான். நாற்பதைக் கடந்த பிறகும் விடாத ஆசையாக ஒரு ஸ்கிராம்ப்ளர் வைத்திருக்கிறேன். பாலேக் பூலாவில் நண்பர் ஒருவரின் டுரியான் தோட்டத்திற்கு மண் பாதையில் ஏறிச் செல்ல அதுதான் வசதி. சில ஆண்டுகளுக்கு முன்பு அதன் சிறிய மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு இணையத்தில் வாங்கிய எல்இடி பல்பை அதே கூட்டில் செருகினேன். பெட்டியின் மேல் லூமன் கணக்கு ஐந்து இலக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தோட்டத்துப் பாதை பகல் போல் ஆனது. பெருமையாக இருந்தது!

அன்றிரவு துன் சார்டோன் சாலை வழியாக நகருக்குத் திரும்பினேன். வளைவு ஒன்றில் எதிரே ஒரு கப்சாய் வந்தது. ஓட்டியவர் ஐம்பது வயதிருக்கும். பின்னால் ஒரு சிறுமி. வண்டி தடுமாறிச் சாலையோரப் புல்லில் இறங்கிச் சாய்ந்தது. நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. ஓடிச் சென்று தூக்கினேன். அந்த மனிதர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "மன்னிச்சுக்குங்க சார், திடீர்னு ரோடே தெரியல. வயசாயிடுச்சு, கண்ணு சரியில்ல போல." அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! அவர் கண்ணில் குறை ஏதுமில்லை, குற்றம் என் விளக்கில்தான் என்று அன்று எனக்கு ஐயமறத் தெரிந்தது. சொல்லவில்லை. வாய் வரவில்லை. வண்டியை நிமிர்த்திக் கொடுத்து, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். வகுப்பில் உண்மை பேசு என்று கற்பிக்கும் வாய் இது.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் ஓயாமல் சொல்வார்: பலகையில் எழுதிய பிறகு கடைசி வரிசைக்குப் போய் நின்று பாருங்கள். மறுநாள் இரவு அதைத்தான் செய்தேன். வண்டியை நிறுத்தி, தாழ்ந்த ஒளியில் விளக்கை எரியவிட்டு, ஐம்பது அடி நடந்து எதிரே நின்று திரும்பிப் பார்த்தேன். வண்டியும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை. விளக்கு வாங்கும் எவரேனும் இப்படி எதிரே நின்று பார்க்கிறோமா? எல்லாரும் இருக்கையில் அமர்ந்து முன்னே பார்த்து மகிழ்கிறோம்.

இது ஏன் நிகழ்கிறது என்பது நான்காம் ஆண்டு அறிவியல் பாடம். ஒளி நேர்க்கோட்டில் செல்லும், பட்ட இடத்தில் பிரதிபலிக்கும், அவ்வளவுதான். எச்4 என்னும் ஹாலோஜன் பல்பை எடுத்துக்கொள்வோம். அதனுள் இரண்டு இழைகள் உள்ளன. தாழ்ந்த ஒளிக்கான இழையின் அடியில் கிண்ணம் போன்ற சிறு தகடு ஒன்று இருக்கும். இழையின் வெளிச்சம் கூட்டின் மேற்பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கிச் சாலையில் விழ வேண்டும் என்பதற்காகவே அந்தத் தகடு. கூட்டின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே வார்க்கப்படுகிறது. அதே இடத்தில் எல்இடி பல்பைச் செருகினால், ஒளி புறப்படும் இடமும் அளவும் மாறிவிடுகின்றன. பல்பு சற்றுத் திரும்பியிருந்தாலும் போதும். சாலையில் விழ வேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணிலும் மரக்கிளையிலும் போய் விழுகிறது. பெட்டியில் அச்சிட்ட லூமன், பல்பு எவ்வளவு ஒளி உமிழ்கிறது என்பதைத்தான் சொல்லும். அதுவும் உண்மையாக அச்சிட்டிருந்தால்! அந்த ஒளி எங்கே போய் விழுகிறது என்று எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கண் கூசி இரண்டு நொடி பார்வை மங்கினால் 33 மீட்டர். இரண்டரைப் பூப்பந்துத் திடலின் நீளத்தை அந்தத் தந்தை கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறார் என்று பொருள். வயது கூடக் கூடக் கண் கூச்சம் மிகும். தெளிவதற்கும் நேரம் பிடிக்கும்.

'பளிச்சென்று இருந்தால்தானே லாரிக்காரன் நம்மைப் பார்ப்பான்' என்று அடுத்த வாதம் வரும். இதற்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. 1992 செப்டம்பர் முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என மலேசியா சட்டமாக்கியது. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடத்தப்பட்டு 1996-இல் வெளிவந்த ஆய்வு, பிறர் கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. அந்தப் பயன் எந்த விளக்கால் கிடைத்தது? நாம் இன்று கழற்றி எறியும் அந்தச் சாதாரண மஞ்சள் விளக்கால்! கண்ணில் படுவதற்கு அதுவே போதும். கண்ணைக் குருடாக்கும் விளக்கைக் கண்ட லாரி ஓட்டுநருக்கு ஏதோ வருகிறது என்று மட்டும் தெரியும். எவ்வளவு தொலைவில், எவ்வளவு வேகத்தில் என்பது தெரியாது.

இனி, கடைக்காரர்களையும் அதிகாரிகளையும் விட்டுவிட முடியாது. சாலையில் பதினாறு வயதுப் பையனை மடக்கும் கை, அதே பல்பைக் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கி வைத்து விற்கும் கடைக்குள் ஏன் நீளவில்லை? தனியார் மோட்டார் சைக்கிளுக்கு நம் நாட்டில் ஆண்டுச் சோதனை எதுவும் கிடையாது. ஆகவே, பட்டறையில் மாட்டியதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. சாலைத் தடுப்பில் மாட்டிக்கொள்பவன் மட்டுமே குற்றவாளி. ஜெர்மனியில் 2020-ஆம் ஆண்டு முதல் சில எல்இடி பல்புகளுக்கு அனுமதி வழங்கினார்கள். எப்படி வழங்கினார்கள்? எந்த வண்டியின் எந்த விளக்குக் கூட்டில் அந்தப் பல்பு ஒழுங்காக ஒளி வீசுகிறது எனச் சோதித்துப் பட்டியலிட்டு வழங்கினார்கள். அப்படி ஒரு பட்டியலை நாமும் கேட்கலாம். கேட்க வேண்டும். 'ஏழையைப் பிடிக்கிறார்கள்' என்று புலனத்தில் புலம்புவதைவிட அது பயனுள்ள கோரிக்கை.

'அப்படியானால் இருட்டிலேயே போகச் சொல்கிறீர்களா?' இல்லை. பழைய விளக்கு மங்கியதற்குப் பெரும்பாலும் பல்பு காரணமன்று. முகப்புக் கண்ணாடி வெயிலில் மஞ்சளாகி இருக்கும். மின்கம்பி இணைப்பு துருப்பிடித்திருக்கும். ஹாலோஜன் பல்புக்குச் செல்லும் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடும்! முதலில் பட்டறையில் மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். தரைக்கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கண்ணாடியை மெருகேற்றி, அதே வகை புதிய பல்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பல பெற்றோர்களுக்கு இதுவே போதும். 35 வாட்டு பல்பு இருந்த கூட்டில் 100 வாட்டு பல்பைத் திணிக்காதீர்கள். 12 வோல்ட்டில் முன்னது இழுப்பது மூன்று ஆம்பியர்கூட இல்லை. பின்னது எட்டுக்கும் மேல். மெல்லிய கம்பி சூடேறி உருகும், பிளாஸ்டிக் கூடும் கருகும். சிறிய வண்டியின் மின்னாக்கியும் அதற்கு ஈடுகொடுக்காது.

என்னைப் போல் ஸ்கிராம்ப்ளர் வைத்திருப்போருக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். நம் வண்டியின் விளக்கு உயரத்தில் இருக்கிறது. கார் ஓட்டுநரின் கண்ணுக்கு ஏறக்குறைய நேராகவே. சஸ்பென்ஷனும் நீளம். பின்னால் ஒருவர் அமர்ந்தாலே வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும். எனவே கூட்டுக்குள் பல்பை மாற்றும் வேலையே வேண்டாம். மாற்றுவதென்றால், எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு விளக்கையும் மாற்றுங்கள். வாங்கும்போது கண்ணாடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். வட்டத்திற்குள் E என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட CE என்பது வேறு. விளக்கின் ஒளி வீச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இன்னொன்றைப் பட்டறைக்காரர்கள்கூடக் கவனிப்பதில்லை. பல விளக்குகளின் தாழ்ந்த ஒளி சாலையோரத்தைக் காட்டுவதற்காக ஒரு பக்கம் சற்று ஏறியிருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த விளக்கை இணையத்தில் வாங்கி மாட்டினால், ஏறிய ஒளி நேராக எதிரே வருபவரின் முகத்தில் விழும். இடப்பக்கச் சாலைக்கென்று செய்த விளக்கில், எதிரே நின்று பார்க்கும்போது வலப்புறம் காட்டும் அம்புக்குறி இருக்கும். இருமுனை அம்பு என்றால் இரண்டுக்கும் பொருந்தும். பக்கம் ஏறாமல் சமமாக ஒளி வீசும் விளக்குகளும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு அவையும் நன்றே.

நான் கடைசியில் அப்படியொரு முழு விளக்கைத்தான் மாட்டினேன். தோட்டத்துப் பாதைக்கு மட்டும் தனி விசையோடு ஒரு சிறு துணை விளக்கு. தார்ச்சாலை ஏறியதும் அதை அணைத்து உறை போட்டுவிடுவேன். அந்த எல்இடி பல்பு இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒளிப் பாடம் வரும்போது வகுப்பில் எடுத்துக் காட்டுகிறேன்.

எந்த விளக்காக இருந்தாலும் மாட்டியதும் அளக்க வேண்டும். இதற்குச் செலவில்லை. சமதளத்தில் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். சக்கரக் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாக யார் யார் ஏறுவார்களோ அவர்கள் ஏறி அமரட்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. தாழ்ந்த ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழட்டும். கோட்டைத் தாண்டினால், விளக்கின் திருகாணியைத் திருப்பி இறக்குங்கள்.

இதை எங்கள் பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பொழுது சாய்ந்த பிறகு செய்து பார்த்தேன். தலைமையாசிரியை அனுமதி தந்தார். சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். ஏழு பேர் வந்தார்கள். ஐவருடைய ஒளி கோட்டுக்கு மேலே. ஒருவருடையது சுவரையே தாண்டி அடுத்த வீட்டு மாமரத்தில் விழுந்தது. "சார், நான் இத்தனை நாள் மாங்காயைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினேனா?" என்று அவரே சிரித்தார். அவருடைய விளக்கை இறக்கத் திருகாணியை நான்கு சுற்று சுற்ற வேண்டியிருந்தது.

படம் பகிர்ந்த அந்தத் தந்தை அன்று வரவில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவரை நேரில் அழைக்கப் போகிறேன். மகனையும் வண்டியையும் கூட்டி வரட்டும். கைதட்டிய மூன்று ஆசிரியர்களும் வரட்டும். அவர்களுக்கு எதிர்ப்புறம், விளக்குக்கு நேராக, நாற்காலி போட்டு வைக்கிறேன்.