விலையை முதலில் கொடுப்பவர் யார்?

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குச் செல்லும் சாலையில் அகஸ்தியன்பள்ளி உப்பளங்களைக் கடப்பவர்களுக்கு 1930-ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகமும் ராஜாஜியின் பெயரும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால், பொது வாழ்வில் நேர்மை குன்றிவிட்டதென்று சட்டமன்றம் முதல் தெருத் திண்ணை வரையில் எல்லோரும் அங்கலாய்க்கும் இக்காலத்தில், அந்த நிகழ்ச்சியை வீரவரலாறாக மட்டும் போற்றுவதோடு நின்றுவிடாமல், நேர்மைக்கு உண்டான விலையை அன்று யார் யார் எந்த வரிசையில் கொடுத்தார்கள் என்று ஆராய்ந்து பார்ப்பது நமக்குப் பெரும் பிரயோஜனமாகும் என்று கருதுகிறேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு புறப்பட்ட ராஜாஜி, தஞ்சை, கும்பகோணம் வழியாகப் பதினைந்து நாள் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யத்தை அடைந்தார், 30-ஆம் தேதி உப்பு அள்ளினார், அன்றே கைதானார். சட்டத்தை மீறுங்கள் என்று ஜனங்களுக்கு உபதேசித்துவிட்டுத் தாம் சௌகரியமாக வீட்டில் இருக்கவில்லை. தண்டனையைத் தாமே முன்வந்து ஏற்றார். வேதாரண்யத்தில் அவர்களை வரவேற்று முகாமுக்கு வேண்டிய சகலத்தையும் செய்தவர் வேதரத்தினம் பிள்ளை. அவரே உப்பு வியாபாரி. அரசாங்கத்தைப் பகைத்துக்கொண்டால் எது போகும் என்பதை அவரைவிடத் தெளிவாக அறிந்தவர் அந்த ஊரில் எவரும் இருந்திருக்க முடியாது. அறிந்திருந்தும் துணிந்தார், சிறை சென்றார், சொத்தை இழந்தார். அவர் பெயருக்கு முன்னால் மக்கள் சேர்த்த ‘சர்தார்’ என்ற பட்டம் அந்த இழப்புக்குச் செலுத்திய மரியாதையே ஆகும். அவரே பின்னாளில், 1946-இல், பெண்குழந்தைகளின் கல்விக்காகக் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவினார்.

மேலேயுள்ளவர்கள் முன்னே நின்றதனால் சாதாரண ஜனங்களுக்கும் தைரியம் பிறந்தது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் அறிவித்தார். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் அந்த உத்தரவைப் பொருட்படுத்தாமல் அவர்களை வீட்டில் வைத்து விருந்தளித்துச் சிறை சென்றார். வழிநெடுகிலும் இருந்த கிராமத்தார், யார் கொடுத்தது என்று தெரியாதபடி, சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு வீடு செய்திருந்தால் அந்த வீட்டுக்காரர் சிறைக்குப் போயிருப்பார். ஊர் ஊராகச் செய்தபோது கலெக்டரின் உத்தரவே பயனற்றுப் போயிற்று.

வேதாரண்யத்து நாவிதர் வைரப்பன், பாதி முகம் மழித்த நிலையில், தம் முன்னே அமர்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்றறிந்து கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதியின் முன்னே நிறுத்தப்பட்டு, மீதியை மழித்துவிடும்படி உத்தரவிடப்பட்டபோதும் அவர் இணங்காமல் சிறைக்குச் சென்றார் என்பதை அவ்வூர் இன்றும் பெருமையோடு சொல்கிறது. அவருக்கு அங்கே நினைவுச்சின்னமும் உண்டு. நிலமோ பதவியோ இல்லாத அந்த மனிதரிடம் இருந்தது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்குள்ளேயே அவர் தமது தர்மத்தைக் கண்டார்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன்னே அம்பாரம் அம்பாரமாக நெல் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்பது விதி. இரவில் பனி இறங்குகிறது. பருவம் தப்பிய மழை பெய்தாலோ, தார்ப்பாய்க்கு அடியிலேயே நெல் முளைத்துவிடுகிறது. அந்த நிலையில், மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கப்படும் தொகையைக் கொடுத்தால்தான் நெல் தராசில் ஏறும் என்று டெல்டா விவசாயிகள் பல்லாண்டாக முறையிட்டு வருகிறார்கள். கடன் வாங்கிப் பயிரிட்ட குத்தகைதாரரை நோக்கி, “நீ ஏன் கொடுத்தாய், நேர்மையாக இருந்திருக்கலாமே?” என்று கேட்பது அதர்மம். மறுத்தால் அவர் இழப்பது ஒரு போகத்தின் உழைப்பு முழுவதையும். 1930-இல் நேர்மையின் விலையைத் தலைவர்கள் முன்னின்று கொடுத்தார்கள். இன்றோ அதே விலை கீழே தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு, கொடுக்கச் சக்தியே இல்லாதவரின் தலையில் வந்து விழுகிறது. நமது ஒழுக்கச் சிதைவின் மூலகாரணம் இதுவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே, சீர்திருத்தமும் மேலிருந்தே தொடங்க வேண்டும். ஊராட்சித் தலைவரும், கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகிகளும், சட்டமன்ற உறுப்பினரும், தங்கள் நெல்லுக்குத் தனிச்சலுகை தேடாமல், கொள்முதல் நிலையத்தின் வாசலில் குத்தகைதாரரோடு வரிசையில் நின்று, சட்டத்துக்குப் புறம்பான காசு ஒன்றும் இங்கே கைமாறக்கூடாது என்று சொல்லட்டும். அதனால் சில அதிகாரிகளின் தயவும் கட்சிக்காரர்களின் நட்பும் போகுமானால் போகட்டும். அவர்கள் முன்வந்தால், ஊராரும் ஒரே குரலில் மறுக்க முடியும். ஊரே மறுக்கும்போது எந்தக் கொள்முதல் நிலைய எழுத்தரும் எவரையும் தனியே பிரித்துப் பழிவாங்க முடியாது.

நமக்கும் கடமை இல்லாமல் இல்லை. வாக்குக்குப் பணம் வாங்கிய கையால் தலைவரின் சட்டையைப் பிடித்து நியாயம் கேட்க முடியாது. அடுத்த தேர்தலில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், எங்களுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்கும் வழக்கத்தை விட்டு, நேர்மைக்காக இதுவரையில் நீங்கள் எதை இழந்திருக்கிறீர்கள் என்று கேட்போம். பதில் சொல்ல ஒன்றும் இல்லாதவருக்கு, அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், எந்தச் சாதியில் பிறந்தவராயினும், நம் வாக்கு இல்லை என்ற உறுதி நமக்கு இருக்குமானால், அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் தலைவர்கள் இந்த மண்ணில் மறுபடியும் தோன்றியே தீருவார்கள்.