நுண்ணுயிர்களும் எங்கள் வீட்டு மாத்திரை டப்பாவும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

கிருமி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். ஆனால் இட்லி மாவைப் பொங்கச் செய்வதும், பாலைத் தயிராக்குவதும், வேர்க்கடலைச் செடியின் வேர் முடிச்சுகளில் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருவதும் நுண்ணுயிர்கள்தாமே! காசநோய்க்கு உதவிய ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் 1943-ஆம் ஆண்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து கண்டெடுக்கப்பட்டதே. ஆகவே அவற்றின் மீது எனக்குக் கோபமில்லை. என் கோபம் வேறு. அதைச் சொல்ல என் தந்தையின் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

என் தந்தை ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. சென்ற ஆண்டு இரும்புத் தகடு கிழித்து அவருக்கு உள்ளங்கையில் காயம் ஏற்பட்டது. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் இல்லை. மாதக் கடைசியில் கிடைக்கும் அட்டெண்டன்ஸ் பணமும் போய்விடும். ஆகவே இரவு ஷிப்ட் முடிந்து வரும் வழியில், மருந்துக் கடையில் ஒரு 'செட்' வாங்கி வந்தார். செட் மாத்திரை என்றால் என்னவென்று நம் பகுதிப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிறிய காகித உறையில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு கேப்ஸ்யூல். பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இரண்டு நாளில் வலி குறைந்தது. மீதியை அம்மா பத்திரமாக பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். பத்து நாள் கழித்துக் கை வீங்கியது. மறுபடியும் செட். மூன்றாம் முறை கடுங்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே சீழை எடுத்துக் 'கல்ச்சர்' பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வந்த தாளில் பதினான்கு மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒன்பதுக்கு எதிரே 'ஆர்' என்று போட்டிருந்தது. "ஆர் என்றால் அந்த மருந்து இந்தக் கிருமியிடம் பலிக்காது, பாப்பா" என்றார் டாக்டர். அப்பா தின்ற அரைகுறை மாத்திரைதான் காரணமா என்று கேட்டேன். "அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, இந்தக் கிருமி வரும்போதே அப்படி வந்திருக்கலாம்" என்றார். அந்தப் பதில்தான் என்னை இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. மருந்தே தின்னாதவனிடம்கூட, மருந்தை வெல்லும் கிருமி எப்படி வந்து சேரும்?

விஞ்ஞானிகள் கூறும் விடை வியப்பானது. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையம் உண்டு. மருந்தை முறியடிக்கும் வித்தை பல சமயங்களில் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பாக்டீரியா அதைப் பிரதி எடுத்துப் பக்கத்திலிருப்பதற்குக் கொடுத்துவிடும். தன்னுடையதும் தன்னிடமே இருக்கும். பரீட்சையில் அடுத்த பெஞ்சுக்கு விடைத்தாளை நீட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள் (சிஸ்டர் மன்னிக்க வேண்டும்). வேடிக்கை என்னவென்றால், வாங்கிக்கொள்வது அதே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் குடலில் சாதுவாக வாழும் ஒன்று, சீதபேதி உண்டாக்கும் கிருமிக்கு இதைத் தர முடியும் என்று ஜப்பானியர்கள் 1959-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த மரபணுக்கள் புதியவையும் அல்ல. கனடாவில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் இவை இருந்தன என்று 2011-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. மூலையில் கிடந்ததை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது நாம்தான். மருந்து படும்போது எளியவை மடிகின்றன. வித்தை அறிந்தவை பெருகுகின்றன. பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைவாக உண்பதன் ஆபத்தை எச்சரித்தார்.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிற ஆராய்ச்சியாளர்களும் 2010-ஆம் ஆண்டு 'லான்செட்' குழுமத்து மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே உடைக்கும் என்.டி.எம்.-1 என்ற மரபணு, சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும், ஹரியானாவில் 26-லும், பிரிட்டனில் 37-லும் இருந்ததாக அதில் கூறினார்கள். உடனே நாட்டில் பெரும் சச்சரவு. எதைப் பற்றி? பெயரைப் பற்றி! அப்பெயரில் 'நியூ டெல்லி' என்று இருப்பது நம் தேசத்துக்கு அவமானம் என்றார்கள். பெயர் வைத்தது தவறுதான் என்று லான்செட் ஆசிரியரே 2011-இல் வருத்தம் தெரிவித்தார். நல்லது. ஆனால் அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வு, டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும், குடிநீரின் 50 மாதிரிகளில் 2-லும் அந்த மரபணுவைக் கண்டது. பெயருக்காகப் போட்ட சத்தத்தில் பாதியையாவது அந்தத் தண்ணீருக்காகப் போட்டிருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

தண்ணீர் என்றதும் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. சென்னை மக்கள் அதைக் குடிக்கிறார்கள். கழிவுநீர் லாரிகள் இருட்டில் ஓடையோரம் நிற்பதை நம்மில் பார்க்காதவர் யார்? ஒவ்வொரு அறையிலும் ஆறேழு பேர் தங்கி, ஆளுக்கொரு செட் மாத்திரையோடு ஷிப்டுக்கு ஓடும் இடம் இது. நாம் தின்ற மருந்தில் ஒரு பகுதி உடலைவிட்டு அப்படியே வெளியேறுகிறது. அது போய்ச் சேரும் குழியில்தான் கிருமிகள் ஒன்றுக்கொன்று பாடம் சொல்லிக் கொடுக்கின்றன.

"எல்லாம் படிப்பறிவில்லாததால் வருவது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் தந்தை ஐ.டி.ஐ. படித்தவர். சட்டமும் இல்லாமல் இல்லை. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து அமலில் உள்ளது. அட்டையில் சிவப்புக் கோடு பார்த்து வாங்குங்கள் என்று 2016-இல் அரசு பிரசாரமும் செய்தது. ஆனால் செட் மாத்திரைக்கு அட்டையே கிடையாதே, கோட்டை எங்கே தேடுவது? கடைக்காரரைப் பிடித்து அபராதம் போட்டால் மட்டும் போதாது. காயம் பட்டவன் சம்பளம் இழக்காமல் ஒரு நாள் டாக்டரிடம் போய்வர முடிந்தால், அவன் செட் வாங்கமாட்டான். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை பெரிய கணக்கில் இந்த ஒரு நாள் சம்பளமும் சேர்ந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அப்பா ஒன்பது நாளில் வீடு திரும்பினார். சுண்டுவிரல் இன்னும் முழுவதும் மடங்குவதில்லை.

அம்மாவின் பிஸ்கட் டப்பாவை அன்றே காலி செய்யப் போனேன். மீந்த மாத்திரைகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. குப்பையில் போட்டால் மண்ணுக்குப் போகும். சாக்கடையில் போட்டால் ஏரிக்குப் போகும். மருந்துக் கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். கேரளத்தில், கோழிக்கோட்டில் 2025-ஆம் ஆண்டு வீடுகளில் மீந்த மருந்துகளைச் சேகரிக்கும் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். நம் பள்ளி வாயிலிலும் ஒரு பெட்டி வைக்கலாமே என்று அறிவியல் சிஸ்டரிடம் கேட்டேன். "பெட்டி வைத்துவிடலாம், நிறைந்த பிறகு யார் வந்து எடுத்துப்போவார்கள் என்று முதலில் விசாரித்து வா" என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டப்பா இன்னும் எங்கள் பீரோவின் மேல்தான் இருக்கிறது.