மதுரை வீடுகளில் கற்கப்படும் தமிழ்

வெளிநாடுகளில் பயிலும் இந்திய மாணவர்களைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. விசா மறுப்பு, கட்டண உயர்வு, பகுதிநேர வேலைக்குக் கட்டுப்பாடு என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. எதிர்த்திசையில் பயணப்படுவோரைப் பற்றிய பேச்சுதான் அரிது. 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்தியர்கள் ஏறத்தாழ 3.63 லட்சம் பேர். 2022-23-இல் படிப்பின் பொருட்டு இந்தியா வந்த அமெரிக்க மாணவர்களோ சுமார் 1,300 பேர். அந்தச் சிறு கூட்டத்திலும் தமிழ் படிப்பதற்கென்று மதுரைக்கு வருபவர்களை ஒரு வகுப்பறைக்குள் அடக்கிவிடலாம்.

1961-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இந்தியவியல் கல்வி நிறுவனம் பல்லாண்டுகளாக மதுரையில் தமிழ் கற்பித்து வருகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுத் திட்டமும் நீண்ட காலம் இங்கு நடந்தது. இத்தகைய திட்டங்களில் வரும் மாணவர்களில் பலர் விடுதியில் தங்குவதில்லை. உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறையில் தங்கி, அவர்கள் சமைப்பதை உண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பழகுகிறார்கள்.

இதற்கான பணம் வந்த வழி விந்தையானது. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அந்த அதிர்ச்சியில் 1958-இல் அமெரிக்கா இயற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், பிறநாட்டு மொழிகளைக் கற்க நிதி ஒதுக்கியது. ரஷ்யச் செயற்கைக்கோளுக்கும் தொல்காப்பியத்துக்கும் இப்படியொரு உறவு உண்டு. அந்தச் சட்டத்தின் வழிவந்த மொழி உதவித்தொகைகளுக்கும் வட்டார ஆய்வு மையங்களுக்கும் உரிய நிதியை அமெரிக்கக் கல்வித் துறை 2025 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டுக்கான ஃபுல்பிரைட்-ஹேஸ் ஆய்வு உதவித்தொகைப் போட்டியும் கைவிடப்பட்டது. அது அவர்கள் நாட்டு அரசியல். அதில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால், இந்த ஏற்பாட்டின் மறுமுனை நம்மூர் வீடுகளில் இருக்கிறது. அந்த முனையைப் பற்றி நாம் யோசித்ததாகத் தெரியவில்லை.

தமிழைப் பொருத்தவரை வீடு என்பது தங்குமிடம் மட்டுமல்ல. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே இத்தனை தொலைவு உள்ள மொழியில், புத்தகத்தில் 'நான் போகிறேன்' என்று படித்துவிட்டு வந்த மாணவர், வாசலில் நின்று அதைச் சொன்னதும் வீட்டு அப்பத்தா முகம் சுளிப்பார். 'போயிட்டு வரேன்னு சொல்லணும்' என்ற திருத்தம் எந்தப் பாடநூலின் பயிற்சியாலும் மனத்தில் பதியாது. 'சாப்பிட்டாச்சா' என்பது பசியைப் பற்றிய கேள்வி அன்று. 'போதும்' என்று இலைக்கு மேல் கையை மறைக்காமல் வாயால் மட்டும் சொன்னால் அது செல்லாது. வீட்டுப் பெரியவரை 'நீங்கள்' என்றும் குழந்தையை 'நீ' என்றும் அழைப்பது எளிது, இருபது வயது அக்காளை எப்படி அழைப்பது என்பதுதான் கடினம். இவற்றையெல்லாம் வகுப்பறை விளக்கலாம். பழக்கித் தருவது வீடுதான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் தங்கியிருந்த மாணவி ஒருவர் விடைபெறும்போது 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்று சரளமாகப் பேசினார். அவருடைய பேராசிரியர் அதைத் திருத்தியிருக்கக் கூடாது என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்தது வெயில். கோடைக்கால வகுப்புக்கு வருபவர்கள் மதுரையில் இறங்குவது ஆனி மாதத்தில். 38 டிகிரி வெப்பம் அப்போது சாதாரணம். வந்தவர் தண்ணீர்ப் புட்டியும் தொப்பியுமாக நண்பகலில் ஊர் சுற்றக் கிளம்புவார், வீட்டார் பதறுவார்கள். அடுப்படி வேலை ஒன்பது மணிக்குள் முடிவதும், கடைவீதிக்குப் பத்து மணிக்குள் போய்த் திரும்புவதும், மதியம் சன்னல்களைச் சாத்தி வெறுந்தரையில் படுப்பதும், மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பதும் சோம்பலோ சடங்கோ அல்ல. தலைமுறைகளாகக் கண்டறிந்த வெப்பத் தற்காப்பு. இரண்டு வாரம் கழித்து மாணவரும் மதியத்தில் மோர் குடித்துவிட்டுத் தரையில் படுத்துறங்கத் தொடங்குவார். தழுவல் என்பது இப்படித்தான் நிகழ்கிறது.

எல்லா வீடுகளிலும் இது இவ்வளவு இனிதாக முடிவதில்லை. மாணவரின் அறையில் குளிர்சாதனம் இரவு முழுதும் ஓடும். தமிழகத்தில் வீட்டு மின்பயன்பாடு இரண்டு மாதங்களில் 500 யூனிட்டைக் கடந்தால் கட்டண அடுக்கே மாறிவிடும். விருந்தினரிடம் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசுவதா? குடும்பத்துக்கு ஒரு தொகை தரப்படுகிறது என்றாலும், வாடகை வாங்குபவர்போல் பேச நம்மவர்களுக்கு நா எழாது. பேசாத மனத்தாங்கல் சமையலறையில் பாத்திரச் சத்தமாக வெளிப்படும். மாணவருக்கோ தான் செய்த பிழை இன்னதென்று விளங்காது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் 'என்ன கோபமோ' என்று வீட்டார் கவலைப்படுவார்கள். கதவைத் தட்டாமல் அவர்கள் நுழைந்தால் அவர் திடுக்கிடுவார். மாணவியாக இருந்தால் மாலை ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற எழுதப்படாத விதியும் சேரும். சொந்த மகளுக்கு வைக்கும் கட்டுப்பாட்டைத்தான் அவருக்கும் வைக்கிறோம் என்பது வீட்டாரின் நியாயம். அது பாசத்தால் வருவது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்தக் கட்டுப்பாட்டை மகளாவது ஏற்றுக்கொள்கிறாளா என்பது வேறு கேள்வி.

இதைவிட நெருடலான ஒன்று உண்டு. தனி அறை, தனிக் குளியலறை, மேற்கத்தியக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர் என்ற தகுதிகளை வரிசைப்படுத்தினால், எந்த வகுப்பினரின் வீடுகள் தேர்வாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொந்த வீடுள்ள நடுத்தரக் குடும்பங்களின் வழியாகவே தமிழ்ச் சமூகம் அந்த மாணவருக்கு அறிமுகமாகிறது. எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், எந்த வீட்டில் யார் எதுவரை வரலாம் என்பவை அவர் கண்ணில் படாமலே போகலாம். அல்லது வீட்டாரின் கண்கொண்டே படலாம். பின்னாளில் தமிழகத்தைப் பற்றி எழுதப்போகிறவர் அவர். ஒரே வீட்டில் முழுக்காலமும் தங்குவதைவிட, வேறுபட்ட இரண்டு குடும்பங்களில் தங்கச் செய்வது நல்லது என்பது என் கருத்து. சிறிய வீடுகளுக்குக் கூடுதல் தொகை தந்து அறையைச் சீர்செய்ய உதவினால் இது இயலாததன்று.

இதற்கிடையே, 2025 செப்டம்பர் முதல் நாள் குடியேற்றம், வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்கள் இதனால் விலக்கப்பட்டன. வெளிநாட்டவரைத் தங்கவைப்போர் அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை புதியதல்ல. 24 மணி நேரத்துக்குள் தர வேண்டியிருந்த பழைய 'சி படிவம்' விடுதிக்காரர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். கல்வி நிறுவனங்களுக்கும் இதே வகைக் கடமை உண்டு. ஆனால், வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிய ஓய்வுபெற்ற ஆசிரியரும் இந்த விஷயத்தில் விடுதி நடத்துபவரின் இடத்தில்தான் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. தவறினால் தண்டனைக்கு இடமுண்டு என்று யாராவது காதில் போட்டால், அடுத்த ஆண்டு 'வேண்டாம்' என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். யார் எங்கே தங்குகிறார் என்பதை அரசு அறிந்திருக்க வேண்டியது நியாயமே. அந்தப் பொறுப்பைக் கல்வி நிறுவனம் ஏற்று, இணையவழிப் பதிவைத் தானே முடித்துத் தந்தால் குடும்பங்கள் அச்சமின்றிக் கதவைத் திறக்கும்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தமிழக அரசு 10 கோடி ரூபாய் வழங்கியதைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். தமிழைச் செம்மொழியாக அறிவிக்க வேண்டும் என்று 2000-இல் வாதிட்ட பெர்க்லி பேராசிரியர் ஜார்ஜ் எல். ஹார்ட்டைப் போற்றுகிறோம். அத்தகைய இருக்கைகளில் நாளை அமரப்போகிறவர்கள் ஏதேனும் ஒரு கோடையில் மதுரையிலோ தஞ்சையிலோ ஒரு வீட்டில் இரண்டு மாதம் தங்கியாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு இருக்கை நிதியோடு ஒப்பிடக்கூட முடியாத அளவு சிறியது. ஆண்டுக்கு இருபது மாணவர்களுக்குக் கோடை உதவித்தொகை, அவர்களை ஏற்கும் குடும்பங்களுக்கு மின்கட்டணம் உட்பட நேர்மையாகக் கணக்கிட்ட தொகை, மாணவர் வருவதற்கு முன் அந்தக் குடும்பங்களுக்கு ஒருநாள் பயிற்சி ஆகியவற்றைத் தமிழ் வளர்ச்சித் துறை தொடங்கலாம். கடல்கடந்த மாணவர்கள் பயணத்தை முடிவு செய்வது குளிர்காலத்தில் என்பதால், அறிவிப்பு மார்கழிக்குள் வெளியாக வேண்டும்.