துறைமுகத்துக்கு முதலாளி யார்?

ஆக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் வீடு வாங்கிய நம்மவர் இருவர் சந்தித்தால், பிள்ளைகளின் படிப்புக்கு அடுத்த பேச்சு 'ரேட்ஸ்' பற்றியதாகத்தான் இருக்கும். ஆக்லாந்து மாநகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி அது. ஏறினால் முணுமுணுக்கிறோம். ஏறாமல் பிடித்துவைக்க மாநகராட்சி வேறு எங்கே கை வைக்கிறது என்று கேட்பதில்லை.

கை வைத்த இடங்களில் ஒன்று துறைமுகம். மனுகாவ் உள்ளிட்ட நகரசபைகளை 2010 நவம்பரில் ஒன்றாக இணைத்தபோது, துறைமுக நிறுவனம் முழுவதும் புதிய மாநகராட்சியின் சொத்தாகியது. முதல் மேயர் லென் பிரவுன், பிளாட் புஷ்ஷைத் திட்டமிட்டு வளர்த்த மனுகாவ் நகரின் கடைசி மேயரும்கூட. தொழிலாளர்கள் அவரை 'நம்ம ஆள்' என்று எண்ணியதில் வியப்பில்லை.

துறைமுகத்தில் போட்ட முதலுக்கு ஐந்தாண்டுக்குள் 12 விழுக்காடு வருமானம் வரவேண்டும் என்று மாநகராட்சி இலக்கு வைத்தது. அதுவரை வந்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அந்தப் பணத்தை நிர்வாகம் ஷிஃப்ட் அட்டவணையில் தேடியது. எந்த நாள் வேலை, எந்த நாள் வீடு என்று முன்கூட்டித் தெரியாத வாழ்க்கையைக் கடல்சார் தொழிலாளர் சங்கம் ஏற்க மறுத்தது. கூட்டு ஒப்பந்தம் 2011 செப்டம்பரில் முடிந்தது, வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன, மெர்ஸ்க் நிறுவனம் தன் வாராந்தரக் கப்பல் சேவையைத் தௌரங்கா துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. 2012 மார்ச்சில், 292 பேரை நீக்கி அவர்கள் வேலையை ஒப்பந்ததாரர்களிடம் விடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள்.

மேயர் என்ன செய்தார்? இரு தரப்பும் பேசித் தீர்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றார். 1988ஆம் ஆண்டுத் துறைமுக நிறுவனச் சட்டம் துறைமுகத்தை வணிக நிறுவனமாகவே நடத்தச் சொல்கிறது. அன்றாட நிர்வாகத்தில் அரசியல்வாதி மூக்கை நுழைக்கக் கூடாது என்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் 12 விழுக்காடு கேட்டது யார்? இலக்கை வைத்த கை, அதனால் எழுந்த சண்டையில் மட்டும் 'நான் நடுநிலை' என்று சட்டைப்பைக்குள் போய்விட முடியுமா?

மேயரிடம் வைத்த முறையீடு பலிக்காததால் சங்கம் நீதிமன்றம் போனது. நியூசிலாந்தின் 2000ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம், பேச்சுவார்த்தையில் இரு தரப்பும் நேர்மையாக நடக்க வேண்டும் என்கிறது. பேச்சு முடியாத நிலையிலேயே ஆட்களை மாற்றுவது அந்த நேர்மையில் சேருமா என்பதுதான் வழக்கு. 2012 மார்ச் இறுதிக்குள் ஒப்பந்ததாரர் திட்டம் நின்றுபோனது. ஆனாலும் புதிய கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாக 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் எப்படி ஓட்டின என்பது எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு இது புதுக் கதை அல்ல. 5, 6ஆம் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் விட்டதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாம் நாள் இரவு, உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. ஆக்லாந்தில் நீதிமன்றம் தொழிலாளிக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. சென்னையில் நீதிமன்றத்தின் சொல் வாசலைக் காலிசெய்யப் பயன்பட்டது. 'இனி அது கம்பெனி விவகாரம்' என்னும் மாநகராட்சிக் குரல் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே சுருதி.

நம் கையும் சுத்தமில்லை. துறைமுக ஈவு கூடினால் பிளாட் புஷ் ஆர்மிஸ்டன் சாலை வீட்டுக்காரரின் வரிச்சுமை கொஞ்சம் இளகும். அந்த வகையில் நாமும் சின்ன முதலாளிகள்.

துறைமுகத்தை நீண்டகாலக் குத்தகைக்கு விடும் யோசனை பின்னர் மேயர் வெயின் பிரவுன் காலத்தில் வந்தது. 2024இல் அது கைவிடப்பட்டு, துறைமுகம் மாநகராட்சியிடமே இருக்க, லாபத்தை உயர்த்த ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. அதில் துறைமுக நிர்வாகம் கையெழுத்திட்டது, கடல்சார் தொழிலாளர் சங்கம் கையெழுத்திட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடுநிலை வகித்த மாநகராட்சியும் கையெழுத்திட்டது.