காலி நாற்காலியும் மனித உரிமையும்



2023 செப்டம்பர் 29 அன்று வாச்சாத்தி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். பாப்பிரெட்டிப்பட்டியில் வாழும் நமக்கு வாச்சாத்தி தூரத்து ஊரல்ல. பக்கத்து அரூர் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தேதியில், 12 ஆண்டுகள் கழித்து, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது. கை நீட்டியவர்கள் மட்டுமல்ல, மேற்பார்வை செய்ய வேண்டியவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்பதே அந்தக் கடைசி ஆணையின் பொருள்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு சாதித்துக்கொண்டிருந்தபோது, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து பாமதி என்ற அதிகாரி நேரில் வந்தார். ஊரைப் பார்த்தார், பெண்களிடம் பேசினார், அறிக்கை கொடுத்தார். மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் இடதுசாரித் தோழர்களும் நடத்திய போராட்டத்திற்கு அந்த அறிக்கை பெரும் பலமாக அமைந்தது. பின்னர் 1995இல் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உத்தரவிட்டது.

அந்த அதிகாரியின் மனத்துணிவைப் பாராட்டுகிறோம். ஆனால் துணிவு மட்டும் சென்னையிலிருந்து வாச்சாத்திக்கு வந்து சேர்ந்துவிடாது. அந்தப் பணியிடம் காலியாக இல்லாமல் இருக்க வேண்டும். பயணப்படிக்கு நிதி இருக்க வேண்டும். தட்டச்சு செய்ய ஓர் ஊழியர் வேண்டும். இவை எல்லாம் யாரோ ஒருவர் முந்தைய ஆண்டில் வரவு செலவுத் திட்டத்தில் எழுதிவைத்தவை. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் கூறியதை (லூக் 14:28) நாம் ஆன்மிகமாகவே விளக்கிப் பழகிவிட்டோம். அது உண்மையிலேயே கணக்குப் போடுவதைப் பற்றியதும்கூட.

சட்டம் என்ன சொல்கிறது? 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி மாநில ஆணையத்திற்குச் செயலரையும் விசாரணைக் காவலர்களையும் தர வேண்டியது மாநில அரசு. பணம் தருவதும் அதே அரசு. எவ்வளவு என்றால், அரசு தகுந்ததென்று கருதும் அளவு. பெரும்பாலான புகார்களோ அரசு ஊழியர்களுக்கு எதிரானவை. யார்மீது புகாரோ அவரிடமே சம்பளமும் ஆளும் கேட்டு நிற்கும் நிலை! அதே 1993இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பாரிஸ் கோட்பாடுகள், இத்தகைய ஆணையங்களுக்குச் சொந்த ஊழியரும் போதிய நிதியும் வேண்டும் என்கின்றன. நம் தேசிய மனித உரிமை ஆணையத்தின் விசாரணைகளில் காவல்துறையினர் இடம்பெறுவதைக் காட்டியே உலக அமைப்பு 2023லும் 2024லும் அதன் தகுதி நிலையைப் புதுப்பிக்காமல் ஒத்திவைத்தது. 2021 பிப்ரவரியில் மனித உரிமை ஆணையங்களின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கூறியது மிக நல்ல தீர்ப்பு. ஆனால் பரிந்துரை வருமுன் விசாரணை நடக்க வேண்டும், விசாரணைக்கு ஆள் வேண்டும். சம்பவம் நடந்து ஓராண்டிற்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று ஏழைக்குச் சட்டம் கெடு வைத்திருக்கிறது; விசாரணையை முடிக்க ஆணையத்திற்கு அப்படிக் கெடு இல்லை.

தொடக்கத் திருச்சபையில் இதே சிக்கல் வந்தது. கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது (திப 6:1-6). திருத்தூதர்கள் அதை மறுக்கவில்லை, குழுவும் அமைக்கவில்லை. ஆள் நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர் என்று அந்த ஏழு பெயர்களையும் வாசித்துப் பாருங்கள்; எல்லாம் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்டோர் தரப்பிலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று விவிலிய அறிஞர்கள் கருதுகிறார்கள். உரிமை அலுவலகம் ஒன்றில் ஊழியரைத் தேர்வு செய்பவர் எவரும் கவனிக்க வேண்டிய பகுதி இது. மலைவாழ் மக்களின் பேச்சு புரியாத ஒருவர் அவர்களின் வாக்குமூலத்தை எப்படி எழுதுவார்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளின்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறை கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். கூடினார்களா, எத்தனை பேருக்கு நிவாரணம் தந்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எவரும் கேட்கலாம். நம் அன்பியங்களில் எத்தனை கேட்டிருக்கின்றன? அரசை மட்டும் குறை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தேர்த்திருவிழாவின் மின்விளக்குச் செலவைப் பங்குப்பேரவையில் இரண்டு மணி நேரம் பேசுகிறோம். சட்ட உதவி என்றொரு தலைப்பே பல பங்குகளின் வரவு செலவில் இல்லை; என் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கூலிவேலை செய்யும் அம்மா ஒருவருடன் ஓர் அரசு அலுவலகத்திற்குப் போனேன். புகார் மனு கொடுத்து ஆறு மாதமாகியிருந்தது. அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார், மனுவைத் தேடி எடுத்தும் காட்டினார். "விசாரிக்கிற ஐயா மாற்றலாகிப் போய்விட்டார் ஃபாதர், புதியவர் இன்னும் வரவில்லை" என்றார். அந்த அம்மா காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அவர் எப்ப வருவாருன்னு கேளுங்க சாமி, அன்னைக்கு மட்டும் வேலைக்குப் போகாம இருக்கேன்" என்றார். கேட்டேன். எழுத்தருக்கும் தெரியவில்லை.