முதலில் கோளாறைப் பாருங்கள்

என் பேரன் கணினியில் விமானம் ஓட்டுகிறான். 1982-இல் மைக்ரோசாஃப்ட் முதன்முதலாக வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு அது. மீனம்பாக்கத்தில் இறங்கும்போது படம் விட்டுவிட்டு நகர்கிறதாம். "தாத்தா, நேரு பிளேஸ் போய் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்" என்றான்.

ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்து நிற்கும் ரயிலுக்கு எஞ்சினை மாற்றி என்ன பயன்? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். கார்டு பாதி வேலைதான் செய்தது. பிராசஸர் கணக்குப் போட்டு முடிப்பதற்காகக் காத்திருந்தது. பெரிய விமான நிலையங்களில் இது சகஜம்.

தூரத்து நிலக்காட்சியின் நுணுக்கத்தையும், தரையில் நிற்கும் விமானங்களையும் குறைத்தோம். நொடிக்கு 30 படம் என வரம்பு வைத்தோம். 60-க்கும் 20-க்கும் ஊசலாடுவதைவிடச் சீரான 30 கண்ணுக்கு இதம். சினிமாவே 24-தானே!

கார்டின் வேகத்தைக் கூட்டும் 'ஓவர்கிளாக்கிங்' தில்லி மே மாத வெயிலில் வேண்டாம். சூடு மிஞ்சினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியில் படிந்த தூசியைத் துடையுங்கள், போதும்.

ஊரை விட்டு வந்து உழைத்துச் சேர்த்த காசு இது. பிள்ளைகள் கேட்டதும் கடைக்கு ஓடாமல், ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். காசும் மிஞ்சும், கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கமும் அவர்களுக்கு வரும்.